பண்ணை நிலம் வாங்கும் முன்...

வளைகுடா நாடுகளில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பும் நம் சகோதரர்களிடம், இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று வினவினால் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் கூறுகின்றனர். "ஊருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி, நான்கு மாடு, ஐம்பது ஆடு வளர்த்துக்கொண்டு இருந்துவிடலாம்." ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று தஞ்சைத் தரணியின் எந்த ஊர்க்காரரானாலும் இந்த ஆசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. நல்ல ஆசைதான். பயிரிடுவோர்க்கும் மரம் நடுவோர்க்கும் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய நன்மாராயம் நாம் அறியாததன்று. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் குர்பானி ஆட்டுக்கு நம் ஊர்களில் இருக்கும் தேவையும் யாவரும் அறிந்ததே.

எனினும், ஒரு பவுன் நகை வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் நம் குடும்பங்கள், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி நிலம் வாங்கும்போது தரகர் காட்டிய ஒரு பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடுவது ஏன் என்று தெரியவில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் நிலம் வாங்குவது மற்ற மாவட்டங்களில் வாங்குவது போன்றதன்று. இங்கு ஒவ்வொரு வயலுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் கோயில், மடம், தர்கா, பண்ணையார், குத்தகைதாரர், பண்ணையாள் என்று பலருக்கும் இடமுண்டு.

முதலில் வாங்குபவர் யார்?

நிலத்தைப் பார்க்குமுன் வாங்குபவர் தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, இந்தியாவில் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க இயலாது. வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், வயல் வாங்கலாகாது. பெற்றோர் வழியாக வாரிசுரிமையில் வரும் வயலை வைத்துக்கொள்ளத் தடையில்லை. ரியாதிலும் துபாயிலும் இருந்துகொண்டு விடுமுறையில் வந்து நஞ்சை கிரயம் செய்துகொண்டு போகிறவர்கள் பலர் இதனை அறிந்தும் அறியாமலும் செய்கின்றனர். பின்னாளில் அந்த நிலத்தை விற்று வங்கியில் பணத்தைச் செலுத்தும்போதுதான் கேள்வி எழுகிறது.

இதற்கு மாற்றாக ஊரில் வசிக்கும் மனைவியின் பெயரில் வாங்குவது வழக்கம். மனைவிக்கு மனமுவந்து பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் தமக்காக வாங்கினால் அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அப்போது அந்த நிலம் மனைவியுடையது. "பெயர்தான் அவளுடையது, நிலம் என்னுடையது" என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டு எழுதுவோர், அவ்வம்மையார் முந்தி மௌத்தாகிவிட்டால் என்ன நேரும் என்பதை எண்ணுவதில்லை. பிள்ளைகளோடு அவருடைய பெற்றோருக்கும் அந்த நிலத்தில் பங்குண்டு. பிள்ளைகள் இல்லையெனில் உடன்பிறந்தாருக்கும் பங்கு செல்லலாம். அன்பளிப்பு என்றால் அன்பளிப்பு என்று எழுதி வைத்துவிட வேண்டும். திருமறையின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதாயிருக்க, நாமோ கணவன் மனைவிக்கிடையே எழுதுவதை அவமானமாகக் கருதுகிறோம்!

பெண்கள் பெயரில் பதிவு செய்வதில் ஒரு சலுகையும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் தமிழகத்தில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

சகோதரிகளின் பங்கு

விற்பவரும் நம்மவராக இருந்தால் ஒரு கூடுதல் கவனம் தேவை. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

ஒருவருக்கு 8 மா நிலம் இருந்தது என்று கொள்வோம். அவர் காலமானார். மனைவி, இரு மகன்கள், மூன்று மகள்கள் உள்ளனர். அவருடைய பெற்றோர் உயிரோடில்லை. ஷரீஅத்தின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 1 மா. எஞ்சிய 7 மாவில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆக ஒவ்வொரு மகனுக்கும் 2 மா, ஒவ்வொரு மகளுக்கும் 1 மா. இரு சகோதரர்களுக்கும் சேர்த்து உரியது 4 மா மட்டுமே. ஆனால் நடைமுறையில் பட்டா மூத்த மகன் பெயருக்கு மாறியிருக்கும். சகோதரிகளுக்கு, "உங்களுக்குத்தான் சீரும் நகையும் செய்து நிக்காஹ் முடித்துக் கொடுத்தாயிற்றே" என்ற பதில் கிடைத்திருக்கும். சகோதரர்கள் இருவரும் 8 மாவையும் விற்றுவிடுவர். முழு விலை கொடுத்த நீங்கள் சட்டப்படி பெறுவது பாதி நிலம். மீதிப் பாதிக்கு நான்கு பெண்கள் எந்நேரமும் வழக்குத் தொடுக்கலாம். அவர்கள் தொடுக்காவிட்டாலும், அவர்களுடைய பிள்ளைகள் தொடுப்பார்கள்.

வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அபகரித்தவருக்கும் மறுமையில் என்ன தண்டனை என்று ஹதீஸ் எச்சரிக்கிறதோ, அந்த எச்சரிக்கை விற்ற சகோதரனுக்கு மட்டுமா, தெரிந்தே வாங்கியவருக்கும்தானா என்று ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள்.

முற்காலத்தில் இதற்குச் சட்டத்தின் துணையும் குறைவாகவே இருந்தது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949இல் அதனைத் திருத்தி, விவசாய நிலத்துக்கும் ஷரீஅத் சட்டம் பொருந்துமாறு செய்தது. ஆகவே "வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை" என்று இன்றும் சொல்லித் திரியும் பெரியவர்களின் பேச்சுக்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

சகோதரிகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் பதிவுப் பிரதியைக் கேளுங்கள். இயலுமாயின் அனைவரையும் கிரயப் பத்திரத்திலேயே கையொப்பமிடச் செய்வதே சிறந்தது. வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால் நின்று நிதானியுங்கள். தந்தையை இழந்த பிள்ளையின் நிலத்தை விற்கும் அதிகாரம் தாய்க்கு முஸ்லிம் தனியார் சட்டத்தில் இல்லை. 1918இல் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம் இது. நீதிமன்ற அனுமதியின்றித் தாய் எழுதிக் கொடுக்கும் கிரயம், பிள்ளையின் பங்கைப் பொறுத்தமட்டில் செல்லாது. எத்தீம் சொத்து என்பதை நினைவிற்கொண்டாலே போதும், நம் கை தானாகப் பின்வாங்கும்.

பட்டாவும் பத்திரமும்

பட்டா ஒன்றே உரிமையைத் தந்துவிடாது, பத்திரமும் அப்படியே. 2025இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துப் பதிவு விதி ஒன்றைச் செல்லாதெனக் கூறியபோது, விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையன்று என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே, "பதிவு ஆகிவிட்டதே, பிறகென்ன?" என்ற நிம்மதிக்குப் பொருளில்லை.

தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆயினும் வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். வெற்றுத்தாளில் எழுதிய ஒத்தி, வாய்மொழிக் குத்தகை, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள பாகவழக்கு ஆகியவை அதில் தென்படாமல் போகலாம். நம்மவரிடையே பதிவின்றி நிகழும் வாய்மொழி ஹிபாவும் அப்படித்தான். சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் அந்த ஹிபா பதிவில்லாமலே செல்லும். அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால், அசல் எந்த வங்கியில் அல்லது எந்த அடகுக்காரரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

1980களில் நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டு அளவையின்போது பெயர் மாறியும் எல்லை மாறியும் பதிவான பிழைகள் இன்றும் உள்ளன. எனவே அ-பதிவேடு, அடங்கல், புல வரைபடம் மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். அளவில் மட்டும் எத்தனை குழப்பம்! பட்டாவில் ஹெக்டேர், ஏர். தரகர் பேச்சில் ஏக்கர், சென்ட். ஊரார் பேச்சில் மா, வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி, ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். இதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் பேச்சிலேயே நிலம் சுருங்குவதைக் கண்டுபிடிக்கலாம். நில அளவரை அழைத்துக் கல் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

நிலத்தில் நிற்பவர் யார்?

கீழத்தஞ்சையில் இதுவே முதற்கேள்வி. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் எனத் தொடர்ந்தன. பாடுபட்டவனுக்குப் பாதுகாப்புத் தந்த நல்ல சட்டங்கள் இவை. பதிவு பெற்ற சாகுபடிதாரர் இருக்கும் நிலத்தை நீங்கள் வாங்கினால் உரிமையாளர் மாறுவாரே தவிர, சாகுபடிதாரர் மாறமாட்டார். "அதெல்லாம் நான் காலி செய்து தருகிறேன்" என்று விற்பவர் கூறினால், கிரயத்துக்கு முன் செய்து தரச் சொல்லுங்கள். குத்தகைதாரரிடம் நேரில் பேசி, அவருக்குரிய நியாயமான ஈட்டுத் தொகையையோ நிலப் பங்கையோ கொடுத்து, அவர் மனமொப்பி எழுதிக் கொடுத்த பிறகு வாங்குவதே மார்க்கத்துக்கும் மனசாட்சிக்கும் உகந்தது.

நிலத்தின் ஓரத்தில் குடிசைகள் இருப்பின் 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனை அவர்களுக்கே உரியது என்றது அச்சட்டம். அந்த மனைக்கட்டுகளையும் சேர்த்து அளந்து விலை சொல்லும் தரகர்கள் இருக்கின்றனர்.

கோயில் நிலமும் மடத்து நிலமும் தஞ்சைப் பகுதியில் ஏராளம். அந்நிலங்களைப் பயிர்செய்வோர் தம்முடைய குத்தகைப் பாத்தியத்தை முத்திரைத் தாளில் எழுதி விற்பதுண்டு. விலை மலிவாக இருக்கும். வாங்குபவருக்கு நிலம் என்றுமே சொந்தமாகாது. வக்ஃபு நிலமும் இவ்வாறே. நாகூர் தர்காவுக்குத் தஞ்சை மராத்திய மன்னர்களே நிலம் வழங்கிய பூமி இது. பள்ளிவாசல், தர்கா, மதரஸாக்களுக்கு முன்னோர் எழுதி வைத்த வயல்கள் பல ஊர்களில் உள்ளன. முத்தவல்லியே கையொப்பமிட்டாலும் வக்ஃபு நிலத்தை விற்க அவருக்கு அதிகாரமில்லை. வெளியூர்க்காரர் ஏமாந்தார் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து வேளையும் அந்தப் பள்ளியில் தொழுகிறவரே அதன் நிலத்தை வாங்கிவிட்டு விழிப்பது வெட்கக்கேடு. பூமிதான நிலம், நில உச்சவரம்புச் சட்டத்தில் கையகப்படுத்தி ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்த நிலம், பஞ்சமி நிலம் ஆகியவையும் நிபந்தனைக்குட்பட்டவை. அ-பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தை வாசிக்காமல் எதையும் வாங்கலாகாது.

தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பது மரபு. ஆனால் 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். ஆற்றுநீரை மட்டும் நம்பிய வயலில் அவ்வாண்டு குறுவைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே வயல் எந்த ஆற்றுப் பாசனம், எந்த வாய்க்கால், எத்தனையாவது மடை என்று கேளுங்கள். காவிரிப் பாசனமா, வெண்ணாற்றுப் பாசனமா, 1934இல் மேட்டூர் அணையுடன் வந்த கல்லணைக் கால்வாய்ப் பாசனமா என்பதைப் பொறுத்து நிலத்தின் குணமே மாறும். தலைமடை வயலுக்கும் பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலுக்கும் ஒரே விலை சொல்வது நியாயமன்று.

தண்ணீர் வருவதைக் கேட்பவர்கூட அது வடிவதைக் கேட்பதில்லை. நம்மவர் நிலம் பார்க்கப் போவது பெரும்பாலும் விடுமுறைக் காலமான மே மாதத்தில். அப்போது எல்லா வயலும் காய்ந்து, வெடித்து, ஒரே மாதிரிதான் தோன்றும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது போய்ப் பாருங்கள். அப்போது முழங்கால் ஆழத் தண்ணீர் பத்து நாள் நின்றால் அங்கே சம்பாவும் அழுகும், மாட்டுக் கொட்டகையும் மூழ்கும். வடிகால் வாய்க்கால் புல வரைபடத்தில் இருக்கிறதா, இருப்பது தூர்ந்து கிடக்கிறதா, பக்கத்து வயல்காரர் அதை மேட்டாக்கிச் சேர்த்துக்கொண்டாரா என்று நடந்தே பார்க்க வேண்டும்.

கடலோரப் பகுதியில் உப்பு இன்னொரு பகை. நாகை மாவட்டத்தின் ஓரத்து நிலங்கள் 2004 ஆழிப்பேரலையில் உவர்நீர் கண்டவை. இறால் பண்ணைகள் இருந்த இடங்களும் உண்டு; அத்தொழிலின் தீங்கை 1996இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. மண்ணின் உப்புநிலை 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். மண்ணையும் ஆழ்குழாய் நீரையும் வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்தால் ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் எந்த மண்ணுக்கு எந்த ரகம் என்று சொல்வார்கள்.

பம்புசெட் இருப்பின் இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருக்குமாயின், பெயர் மாற்றத்துக்கு வாரிசுகள் அனைவரின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். வண்டிப்பாதையும் முக்கியம். வரப்பின்மேல் நடந்து சேரும் வயலுக்கு அறுவடை எந்திரம் வராது, வைக்கோலும் வெளியேறாது.

ஆடு மாட்டுக்கு இடம் ஏற்றதா?

பண்ணை என்று சொல்லிக்கொண்டு நடுவயலில் கொட்டகை போடுவோர் பெருகி வருகின்றனர். ஆட்டுக்குக் களிமண் சேறு ஆகாது. குளம்பு அழுகும், சதுப்பில் வாழும் நத்தைகளால் ஈரல் தட்டைப்புழு பரவும். மழை தொடங்கினால் துள்ளுமாரியும், ஆட்டுக்கொல்லியும் வேறு. நெல் வயலுக்கு நடுவே ஆடு வளர்த்தே தீர வேண்டுமெனில் உயர்ந்த திடல் ஒன்றும், தரைக்கு மேலே எழுப்பிய பரண் கொட்டகையும் அவசியம். ஆட்டுப் பண்ணையே நோக்கமென்றால், வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலம் நஞ்சையைக் காட்டிலும் மேலானது என்பது என் கருத்து. விலையும் அங்கே வேறு கணக்கு. மாடு வளர்க்க எண்ணுவோர்க்கு இம்மண்ணுக்கே உரிய உம்பளாச்சேரி இனம் இருக்கிறது. சேற்றுழவுக்கென்றே பெயர்பெற்ற இனம் அது. ஆனால் பால் குறைவு. பாலுக்கென்று வாங்கி ஏமாறாதீர்கள். ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை ஆலோசனை கேட்டுவிட்டுக் கொட்டகைக்கு அடித்தளம் போடலாம்.

விலையும் முன்பணமும்

பக்கத்து நிலத்துக்காரருக்கு ஷுஃப்ஆ என்னும் முன்வாங்கு உரிமை உண்டென்று ஹனஃபி மத்ஹபு கூறும். ஷாஃபிஈ மத்ஹபில் அது கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே. சென்னை மாகாண நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனைச் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டன. ஆயினும் கிரயத்துக்கு முன் அண்டை வயல்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது அழகு. அவரே வரப்புத் தகராறு ஏதேனும் இருந்தால் அப்போது சொல்லிவிடுவார்!

அச்சாரம் கொடுத்து, வாங்க இயலாமற்போனால் அது மூழ்கிப்போகும் என்னும் ஒப்பந்தத்தைப் பெரும்பாலான இமாம்கள் ஆகுமாக்கவில்லை. ஹன்பலி மத்ஹபு இதில் மாறுபடுகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் அதனை முன்கூட்டியே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்துப் பதிவு செய்து மீதியைக் கையில் வாங்கும் பழக்கம் பொய்யும் ஆபத்தும் ஆகும். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 முதல் வருமானவரிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்கு ஈடான அபராதம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரய நாளில் வயலில் பயிர் நின்றால், அது யாருக்கு என்பதைப் பத்திரத்தில் எழுதுங்கள். எழுதாவிடில், கதிர் முற்றிய நெல் விற்றவருக்கே என்பதுதான் நம் ஃபிக்ஹு நூல்களின் பொதுவான நிலை. கதிர் முற்றும்போது பயிர் எவருக்கு உரியதாயிருந்ததோ, அவரே அதன் உஷ்ரையும் கணக்கிட வேண்டும்: மழையிலும் ஆற்றுப் பாய்ச்சலிலும் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவு செய்து இறைத்துப் பாய்ச்சியிருந்தால் இருபதில் ஒன்று. பதிவு முடிந்த பின் உட்பிரிவு இல்லாத நிலமானால் பட்டா எளிதில் மாறும். உட்பிரிவு செய்ய வேண்டியதாயின் நில அளவர் வந்து கல் நட வேண்டும். அதன்பின் கிராம நிர்வாக அலுவலரைக் கண்டு அடங்கலில் உங்கள் பெயரும் பயிரும் ஏறியிருக்கிறதா என்று அவ்வாண்டே பார்த்துக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடும், வெள்ள நிவாரணமும் அடங்கலில் உள்ள பெயரைக் கொண்டே வருகின்றன.